பின் சீட்டுக் கனம்

எங்கள் வண்டியின் விளக்கு அப்போதெல்லாம் எதிரே வருகிறவர்களின் கண்ணைத்தான் குத்திக்கொண்டிருந்தது. நான் டிம்மில்தான் ஓட்டுவேன். ஆனாலும் எதிர்வண்டிக்காரர்கள் பளிச் பளிச்சென்று விளக்கை அடித்துக் காட்டுவார்கள். சிலர் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டே போவார்கள். மாநில எல்லையில் இருக்கும் மீனாட்சிபுரத்திலிருந்து பொள்ளாச்சிக்குப் போகிற ரோட்டில் இரண்டு மாநிலத்துக்காரர்களும் ஓட்டுவதால் எனக்கு இரண்டு பாஷையிலும் வசவு கிடைத்தது. பின் சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு அது நல்ல பொழுதுபோக்கு. தமிழில் வந்ததற்குத் தமிழிலும் மலையாளத்தில் வந்ததற்கு மலையாளத்திலும் பதில் சொல்லுவார். அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி முடிப்பதற்குள் அந்த வண்டி அரை மைல் தாண்டியிருக்கும். அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கண்ணாடியை ஏற்றுவார்.

நாங்கள் தோட்டத்துக்குள் குடியிருக்கிறவர்கள். தென்னையும் சில கறவை மாடுகளும்தான் பிழைப்பு. ஒரே மகள், அவளை நல்லேப்பிள்ளியில் கட்டிக் கொடுத்துவிட்டோம். அவருக்கு இருந்த சர்க்கரை முதலில் வலது பாதத்தை வாங்கியது, பிறகு சிறுநீரகத்தில் கை வைத்தது. ஒன்றுவிட்டு ஒரு நாள் பொள்ளாச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். எங்களுக்குக் கிடைத்தது காலையில் முதல் ஷிஃப்ட் என்பதால், விடியும் முன்னே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். வண்டி ஓட்ட ஆள் வைத்துப் பார்த்தோம். அவர் வாய்க்கு எந்த டிரைவரும் நிலைக்கவில்லை. கடைசியில் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு நானே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அந்த வாய்க்குப் பழகியவள் நான் ஒருத்திதானே.

தென்னைக்கு நடுவே இருக்கும் தடத்தில் போய் வந்து பழகினேன். இரண்டு தென்னங்கன்றுகளைச் சாய்த்தேன். அதை அவர் சாகும்வரை சொல்லிக் காட்டினார். வண்டிக்குள் இருக்கும் கண்ணாடியைப் பின்னால் வருகிற வண்டி தெரியும்படி வைக்க வேண்டும் என்பார்கள். நான் அவர் முகம் தெரியும்படி வைத்திருந்தேன். போகும்போது மூச்சு வாங்குகிறதா, முகம் வீங்கியிருக்கிறதா, வரும்போது கண் செருகுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். அது அவருக்குத் தெரியும்.

“ஏ புள்ள, ரோட்டப் பாரு. நா எங்கியும் எறங்கிப் போயிர மாட்டேன்” என்பார்.

ஒரு நாள் விடியற்காலையில் செக்போஸ்ட்டில் நின்றிருந்த போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். “சேச்சி, லைட்டு கண்ணிலேக்கா அடிக்கணது” என்றார். டிம்மில்தான் போட்டிருக்கிறேன் என்று விளக்குச் சுவிட்சை ஆட்டிக் காட்டினேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கி நிற்பதைச் சுட்டிக்காட்டினார். நல்ல மனிதர், அபராதம் எதுவும் எழுதவில்லை. விளக்கைத் தாழ்த்தி வைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். வண்டி எங்களிடம் வரும்போதே பழசு. அதற்கப்புறம் தீவன மூட்டையும் தேங்காயும் சுமந்து சுமந்து பின்பக்க ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. அதில் டிக்கியில் ஒரு சக்கர நாற்காலி, பின் சீட்டில் அவர். பின்னால் கனம் இறங்க இறங்க முன்னால் மூஞ்சி ஏறி, டிம்மில் போட்ட விளக்கும் ஆளின் கண்ணுக்கு நேராக அடித்தது. புது வண்டிகளில் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்குமாம், உள்ளே இருந்தபடியே விளக்கை ஏற்றி இறக்கிக்கொள்ளலாமாம். எங்கள் வண்டியில் அந்த வசதியெல்லாம் கிடையாது.

வர்க்‌ஷாப்பில் விட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை.

“வர்க்‌ஷாப்புக்காரன் என்னைய எறக்கி பெஞ்சுல உக்கார வெச்சுட்டு, வெறும் வண்டிக்கு லைட்டு வெப்பான். நா இல்லாத வண்டிக்கு லைட்டு வெச்சு ஆருக்கு என்ன பிரயோசனம்? நா உள்ள இருக்கோணும். நாற்காலி டிக்கில இருக்கோணும். எப்பவும் போறாப்பல இருக்கறப்பத்தான் வெக்கோணும்.”

“அப்ப ஆருங்க வெக்கறது?”

“நீதான்.”

திருப்புளியை அன்றுவரை மிக்ஸி ஜாருக்கு மட்டும் எடுத்தவள் நான். ஆனால் அவர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. மறுநாளே சைக்கிள் பம்பை வைத்து நான்கு சக்கரத்துக்கும் காற்றை அடிக்கச் சொன்னார். காற்று ஏற்றத்தாழ்வாக இருந்தால் வண்டி கோணலாக நிற்கும், வெளிச்சமும் கோணலாக விழும் என்றார். எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது.

வீட்டு முன்னால் கொப்பரை காயப்போடும் சிமெண்டுக் களம் இருக்கிறது. மழைத் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கும், அவ்வளவு சமம். களத்தின் கோடியில் கட்டுத்தரை, அதாவது மாடு கட்டுகிற கொட்டகை. அதன் மார்பளவு வெள்ளைச் சுவர் களத்தைப் பார்த்து நிற்கும். பொழுது இறங்கும் நேரத்தில் அவரைப் பின் சீட்டில் ஏற்றி, நாற்காலியை மடித்து டிக்கியில் போட்டு, வண்டியைச் சுவரை முட்டும்படி கொண்டுபோய் நிறுத்தினேன். விளக்கின் நடுமையம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே சுவரில் அடுப்புக்கரியால் ஒரு கோடு போடச் சொன்னார். போட்டேன். பிறகு வண்டியை நேராகப் பின்னால் எடுத்து, களத்தின் இந்தக் கோடிக்கு வந்து நிறுத்தினேன்.

“இப்ப நீ எறங்கிட்டீன்னா முன்னால கனம் கொறஞ்சிரும். உன்ற சீட்டுல உனக்குப் பதலா மூட்டைய வெய்யி” என்றார்.

தீவன மூட்டையை முழுசாகத் தூக்க என்னால் ஆகாது. இரண்டு சாக்கில் பாதி பாதியாகக் கொட்டி எடுத்து வந்து டிரைவர் சீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன்.

“ஒரு மூட்ட பத்துமா உனக்கு? ஒண்ணே கால் வேணுமே.”

“உங்களுக்கு வாய் மட்டும் இன்னும் கொறையலீங்க.”

“அதுக்கு டயாலிசிஸ் இல்லீயாமா.”

பானட்டைத் தூக்கி நிறுத்தினேன். விளக்கின் முதுகில் ஒரு சின்னத் திருகு இருக்கும் என்று அவர் சொன்னது இருந்தது. ஒரு விளக்கைத் துண்டால் மூடிவிட்டு மற்றதை முதலில் பார்க்க வேண்டும். நான் விளக்கின் மேல் குனிந்து நிற்பதால் சுவர் எனக்கு முதுகுப்பக்கம். பானட் மறைப்பதால் முன்கண்ணாடி வழியாக அவருக்கும் தெரியாது. ஆகவே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவர் சுவரைப் பார்த்துச் சொல்லுவார், நான் திருகுவேன். அதுதான் ஏற்பாடு.

கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே வெளிச்சத்தின் மேல்விளிம்பு நிற்க வேண்டும். நான் போய்ச் சுவரில் விரலை வைத்துக் காட்டினேன். “அது நோஞ்சான் வெரல். உன்றது அஞ்சு வெச்சாத்தான் என்றது நாலு” என்றார். கட்டை விரலையும் சேர்த்து வைத்து, அதன்கீழ் இன்னொரு கோடு கிழித்தேன். இடது பக்கம் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் மேலேறி நிற்கும், அது ரோட்டோரம் நடக்கிறவர்களுக்காக, அதைக் கண்டு பயந்துவிடாதே என்றார்.

திருகினேன். வெளிச்சம் இறங்கியது. அவர் லேசில் விடுகிற ஆளா? “எறக்கு. இன்னும் எறக்கு. ம்ம்… ஐயோ போச்சு, ஏத்து. கொஞ்சம் ஏத்து. எறக்கு.” கட்டுத்தரையில் நின்ற மாடுகள் முகத்தில் வெளிச்சம் பட்டுப் பட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. எனக்கு இடுப்பு ஒடிந்தது. கொசு வேறு. ஒரு கட்டத்தில் திருப்புளியைக் களத்தில் எறிந்துவிட்டு, “நீங்களே எறங்கி வந்து திருகுங்க” என்றேன்.

“வாரேன். அந்தப் பாதத்தக் கொஞ்சம் எடுத்துட்டு வா” என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துச் சிரித்து அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறுபடி குனிந்து திருப்புளியை எடுத்தேன். ஒவ்வொரு திருகுக்கும், “போதுங்களா?” என்று கேட்டேன். கடைசியில் அவர், “போதும். நிறுத்து. அருமையா நின்னுருச்சு” என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என் சமையலுக்குக்கூட அவர் அருமை என்று சொன்னதில்லை.

அதற்கப்புறம் ரோட்டில் ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. விளக்கு எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது, வளைவில் திரும்பியதும் தூரத்துப் புளியமரத்தின் அடிவரை எட்டியது. பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிற சைக்கிள், வரப்பிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற மயில், ஓரத்தில் படுத்திருக்கும் நாய் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தன. அவருக்கு மட்டும் வசவு வராதது குறைதான். “எவனும் ஒண்ணுஞ் சொல்லமாட்டீங்கறானே” என்று அலுத்துக்கொள்வார். டயாலிசிஸுக்குப் போகும்போது உடம்பில் தண்ணீர் சேர்ந்து கனமாக இருப்பார், வரும்போது அதை எடுத்துவிட்டிருப்பார்கள். “வாறப்ப நா எளச்சுட்டேன். லைட்டு எறங்கீருக்கும் பாரு” என்பார். அந்தக் கொஞ்சத் தண்ணீருக்கெல்லாம் விளக்கு இறங்காது. ஆனாலும் நான், ஆமாங்க, இறங்கித்தான் இருக்குது என்பேன்.

அவர் போனது ஆஸ்பத்திரியில்தான். ஊசியெல்லாம் எடுத்து முடித்து, வீட்டுக்குக் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். யார் மேலும் எனக்குக் குறையில்லை. இத்தனை நாள் இருந்ததே அவர்கள் பார்த்துக்கொண்டதால்தான். மகளும் மருமகனும் ஓடி வந்தார்கள். ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் முடிந்து ஆம்புலன்ஸ் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மகள் அப்பாவோடு ஏறிக்கொண்டாள். மருமகன் என்னிடம் கார்ச் சாவியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அவரையும் ஆம்புலன்ஸில் ஏறச் சொன்னேன். என் வீட்டுக்காரரைக் கொண்டுவந்த வண்டியை நான்தான் ஊட்டுக்குக் கொண்டுபோவேன் என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டேன். என் குணம் தெரிந்தவர்கள், அதற்குமேல் தடுக்கவில்லை.

ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு முன்னால் போனது, நான் பின்னால் போனேன். பின் சீட்டில் அவர் தலையணையும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. கண்ணாடியில் தலையணை தெரிந்தது. இருட்டத் தொடங்கியதும் விளக்கைப் போட்டேன். ரோடு தெரியவில்லை. முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு திட்டு வெளிச்சம், அதற்கு அக்கட்டே ஒன்றுமில்லை. கண்ணைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். கண்ணீர்தான் மறைக்கிறது என்று நினைத்து, புடவைத் தலைப்பால் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டே அந்தச் சிவப்பு விளக்கைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒறம்பரை வந்த சொந்தங்களெல்லாம் கலைந்த பிறகு வீட்டில் நானும் மாடுகளும்தான். முன்பு பால்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார். இப்போது நானே கேனைப் பக்கத்து சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் வைத்து, காரை எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போக ஆரம்பித்தேன். அந்த நேரத்துக்கு எழுந்தும் கிளம்பியும் பழகிய உடம்பு, படுக்கையில் கிடக்க மாட்டேன் என்றது. ஆனால் விளக்கு அன்றைக்குப் போலவே கிட்டக்கிட்டத்தான் விழுந்தது. அழாத நாளிலும் அப்படித்தான். கண்ணில் புரை விழுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பல்பு மங்கிவிட்டதென்று புதுப் பல்பு போட்டேன். விளக்குக் கண்ணாடியைத் திருநீறு போட்டுத் தேய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு நாள் மீனாட்சிபுரத்துக் கடையில் தேங்காய்ப் புண்ணாக்கு ஒரு மூட்டை வாங்கினேன். ஏற்றுகிறவர் டிக்கியைத் திறந்தார். அங்கே சக்கர நாற்காலி இருந்தது, நான் இறக்கியிருக்கவில்லை. “பின் சீட்டுல வெச்சறட்டுங்களாம்மா?” என்றார். சரி என்றேன். வீட்டுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்து, விளக்கைப் போட வேண்டியிருந்தது. வளைவில் திரும்பியதும் வெளிச்சம் ஓடிப்போய் அந்தப் புளியமரத்தின் அடியில் நின்றது. அவர் வைத்த இடம் அதுதான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண்ணும் கெடவில்லை, பல்பும் மங்கவில்லை. அந்த விளக்கு அவர் உள்ளே இருக்கிற வண்டிக்கு வைத்தது. அவர் இல்லாததால் வண்டியின் பின்பக்கம் எழும்பி, மூஞ்சி கவிழ்ந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து வாய்விட்டு அழுதேன்.

அந்த மூட்டையை நான் இறக்கவில்லை. வேறு மூட்டை வாங்கி மாட்டுக்கு வைத்தேன். வளைவில் சாய்ந்து விழுந்ததால் அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டினேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரியாமலில்லை. விளக்கை ஏற்றி வைத்தால் தீர்ந்தது, திருப்புளி அலமாரியில்தான் இருந்தது. ஆனால் அந்தத் திருகில் கை வைக்க எனக்கு மனமில்லை. “அருமையா நின்னுருச்சு” என்று அவர் சொன்ன இடத்தில் அது நின்றுகொண்டிருந்தது. அதைத் திருகினால், இந்த வண்டியில் இனிமேல் அவர் ஏற மாட்டார் என்று நானே என் கையால் ஒப்புக்கொண்டதாகிவிடும். சாம்பலைக் கரைத்தபோதுகூட எனக்கு அப்படித் தோன்றவில்லை, இதில் தோன்றியது. என்ன செய்ய, எனக்கு அப்படித்தான் இருந்தது.

மகள் வந்தவள் பின் கதவைத் திறந்து மூட்டையையும் பெல்ட்டையும் பார்த்தாள்.

“என்னம்மா இது?”

“லைட்டுக்குக் கனம் வேணும் கண்ணு.”

நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். “லைட்டத் திருப்பி வெச்சுக்கலாமில்லம்மா. நா ஸ்டியரிங்குல உக்காந்துக்கறேன், நீ திருகு” என்றாள்.

“எல்லாம் எனக்குத் தெரியும். நீ போயி டீ போடு” என்று கத்திவிட்டேன். அவள் அழுதுகொண்டே உள்ளே போனாள். டீயும் போட்டாள்.

பஞ்சாயத்துப் பாலியேட்டிவ்காரர்கள் ஒரு நாள் வந்தார்கள். படுத்த படுக்கையானவர்களை வீடு தேடி வந்து பார்க்கிற சங்கம் அது. சக்கர நாற்காலி அவர்கள் கொடுத்து வைத்திருந்ததுதான். இன்னொரு வீட்டில் ஒருவருக்குத் தேவைப்படுகிறது, எடுத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நாற்காலியின் கைப்பிடியில் அவர் கட்டியிருந்த துண்டை மட்டும் அவிழ்த்துக்கொண்டேன். நாற்காலி போனதும் விளக்கு கொஞ்சம் இறங்கியது. பரவாயில்லை, புளியமரம் இல்லாவிட்டாலும் அதற்கு முன்னால் இருக்கும் மைல் கல்வரை தெரிகிறதே என்று ஓட்டினேன்.

பிறகு மழை பிடித்தது. ஒரு நாள் ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தது மறந்துபோய், சாரல் உள்ளே இறங்கியிருக்கிறது. மறுநாள் வெயில். மூடிய வண்டிக்குள் அந்தப் புண்ணாக்கு புழுங்கியது. காறல் வாடை கிளம்பியது. அதற்கு முன்னாலெல்லாம் மாட்டை அவிழ்த்துவிட்டால் அது நேராக வந்து கார் கண்ணாடியை நக்கும், உள்ளே தீவனம் இருப்பது அதற்குத் தெரியும். அன்றைக்கு அதே மாடு கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. சாக்கைப் பிரித்தேன், பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. வண்டு வேறு. மாடு வைத்துப் பிழைக்கிறவள் தீவனத்தைப் பூஞ்சணம் பிடிக்க விடலாமா? அதைச் சாணிக்குழியில் கொட்டும்போது எனக்கு இரண்டு அழுகை சேர்ந்து வந்தது. வேறு மூட்டையை எடுத்து அந்த இடத்தில் வைக்கக் கை வரவில்லை. மாட்டின் வாய்க்குப் போக வேண்டியதை இன்னொரு தடவை வீணாக்கினால் அவரே என்னைத் திட்டுவார்.

வெறும் பின் சீட்டோடு மறுநாள் விடியுமுன் சொசைட்டிக்குக் கிளம்பினேன். வெளிச்சம் பானட்டுக்கு முன்னால் தரையில் கிடந்தது. கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் திடீரென்று ஒரு மாட்டின் கால்கள், அதன் பக்கத்தில் ஒரு மனிதரின் கால்கள். பிரேக்கை மிதித்தேன். கேன் உருண்டு பாலெல்லாம் என் காலில் கொட்டியது. வண்டி நின்றபோது மாட்டுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. கயிற்றைப் பிடித்திருந்தவர் ஜன்னல் பக்கம் வந்தார். என் வயதுதான் இருக்கும்.

“ஏனுங்கம்மா, லைட்டு இல்லீங்களா?”

“இருக்குதுங்க.”

அவர் வெளிச்சம் விழுந்த இடத்தைப் பார்த்தார். “எதையோ தொலைச்சுட்டுத் தேடறாப்பல கீழயே பாத்துட்டு வருதுங்க” என்றார். திட்டாமல், மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவருக்கு ஒன்று ஆகியிருந்தால், அவர் வீட்டிலும் ஒருத்தி என்னைப் போல உட்கார்ந்திருப்பாள்.

அன்றைக்குப் பொழுது இறங்கும் நேரத்தில் வண்டியைக் களத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். மகள் வருகிறேன் என்று போனில் சொன்னாள், வேண்டாம் என்றேன். சக்கரத்துக்குக் காற்றடித்தேன். சுவரில் இரண்டு கரிக்கோடும் இருந்தன, மாடு உரசி உரசிக் கொஞ்சம் மங்கியிருந்தன. கீழ்க்கோட்டுக்கு அடியில், சாணித் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் வெளிச்சம் கிடந்தது. தீவனத்தை இரண்டு சாக்கில் பாதி பாதியாகப் போட்டு டிரைவர் சீட்டில் எனக்குப் பதிலாக வைத்தேன். பின் சீட்டில் எதையும் வைக்கவில்லை. அவர் தலையணையையும் செருப்பையும் எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

பானட்டைத் தூக்கி, ஒரு விளக்கைத் துண்டால் மூடினேன். நாற்காலியிலிருந்து அவிழ்த்த அவருடைய துண்டுதான் கைக்குக் கிடைத்தது. மழை ஈரத்தில் திருகு இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் அழுத்தினேன், முதலில் அசையவில்லை. பிறகு ஒரு சத்தத்தோடு விட்டது. திருகினேன். பழக்கம்தானே, குனிந்தபடியே, “ஏனுங்க, போதுங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

கட்டுத்தரையில் ஒரு மாடு நிமிர்ந்து பார்த்தது. நான் கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். பதில் வராதென்று தெரியும், ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் சுவருக்கு நடந்துபோய்ப் பார்த்தேன். இன்னும் ஏற்ற வேண்டும். திரும்பி வந்து திருகினேன், மறுபடி போய்ப் பார்த்தேன். சொல்ல ஆளில்லாததால் களத்தின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சுவருக்குப் போகும்போதெல்லாம் என் நிழல் வெளிச்சத்தை மறைத்தது, ஒதுங்கி நின்று பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் மேல்கோட்டுக்குக் கீழே என் ஐந்து விரலையும் சேர்த்து வைத்தேன். சுண்டுவிரலுக்கு அடியில் வெளிச்சத்தின் விளிம்பு நின்றது. அவர் விரலில் நான்கு. “போதும்” என்று நானே சொன்னேன். மற்ற விளக்கையும் அப்படியே வைத்து முடித்து, மூட்டையை இறக்கிவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். பின் சீட்டு முழுசாகத் தெரிந்தது. அதை மட்டும் திருப்பி வைக்கவில்லை.

மறுநாள் விடியுமுன் கிளம்பினேன். புளியமரத்துக்கு முன்னால் எதிரே ஒரு தேங்காய் லாரி வந்தது. என் விளக்கு அதன் கண்ணில் படவில்லை. லாரிக்காரர் தன் விளக்கைத் தாழ்த்தி எனக்கு வழிவிட்டு வந்தார். நான் என்ன நினைத்தேனோ, பின்னால் அவர் பக்கத்து ஜன்னலின் கண்ணாடியை இறக்குவதற்காக வண்டியை நிறுத்தி, திரும்பிக் கையை எட்டிச் சுற்றினேன். லாரி பேசாமல் போய்விட்டது. காற்று மட்டும் உள்ளே வந்தது. அங்கிருந்து சொசைட்டி வரைக்கும் அழுதுகொண்டேதான் ஓட்டினேன். கண் நிறைய நீர், ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை. ரோடு நன்றாகவே தெரிந்தது.